எடுத்துக் கொடுத்த கை

"ரோத்தான எடுத்துட்டு வா."

கதிரேசன் பேசுவது இப்போதெல்லாம் பாதிதான் புரியும். பக்கவாதம் வந்து உடம்பின் வலப்பக்கம் முழுக்க விழுந்துபோன பிறகு, சொற்கள் வாயோரத்தில் எச்சிலோடு சேர்ந்து வழிந்துவிடும். ஆனால் இந்த ஒரு வாக்கியம் மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் புரியாமல் போனதே இல்லை.

சுதா ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். அவள் செய்த குற்றம், கஞ்சியில் உப்பு போடாதது. உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர். டாக்டரை அடிக்க முடியுமா? பெண்டாட்டியைத்தானே அடிக்க முடியும்!

பொங்கோல் பேட்டையில் அந்த அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை உண்டு. பாம் ஷெல்டர். குண்டு விழுந்தால் குடும்பம் ஒளிந்துகொள்ள அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டிக்கொடுத்தது. கனத்த சுவர், இரும்புக் கதவு. மற்ற வீடுகளில் அதற்குள் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் கிடக்கும். இந்த வீட்டில் கதவின் உட்புறக் கொக்கியில் ஒரு பிரம்பு தொங்கியது. அதுதான் ரோத்தான்.

சுதா போய் அதை எடுத்து வந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். ஒரு கையால் கொடுத்தால் அது திமிர், அதற்குத் தனி அடி.

இதை நினைத்துப் பாருங்கள். அந்த மனுஷன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கக்கூஸுக்குப் போக வேண்டுமென்றால் இவள் தோள் வேண்டும். கஞ்சி குடிக்க இவள் கை வேண்டும். நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் இவள்தான் பூட்டி வைத்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவரை அப்படியே விட்டுவிட்டு இவள் பக்கத்து அறைக்குப் போனால், அவரால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும். ஆனாலும் பிரம்பைக் கொண்டுவந்து கொடுத்தது மட்டுமில்லை, உட்கார்ந்திருப்பவருக்கு எட்ட வேண்டுமே என்று அவர் முன்னால் மண்டியிட்டு முதுகையும் காட்டினாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். இருபத்து மூன்று வருஷம் அடி வாங்கிய முதுகுக்குச் சிரிக்கத் தெரியாது.

அவருடைய வலது கைக்கு அடிக்கத் தெரியும். புடவை மறைக்கும் இடமாகப் பார்த்து, வெளியே தெரியாமல் அடிக்கும். அந்தக் கை இப்போது மடியில் துணி மாதிரி கிடந்தது. இடது கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது நாற்காலிக் கைப்பிடியில் பட்டு எகிறியது. மூன்றாவதற்கு அவள் வலி தாங்காமல் தலையைத் திருப்பினாள். பிரம்பின் நுனி நேராக இடது கண்ணுக்குள் போனது.

"அம்மாஆ!"

"கத்...தாத," என்றார் கதிரேசன்.

விரல் இடுக்கில் ரத்தம் வழிந்து தரையில் சொட்டியது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அந்தப் பிரம்பை வாங்கித் துடைத்து, கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள். அடி வாங்கியவர்தான் திருப்பி மாட்ட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். அதற்கு அப்புறம்தான் எதிர்வீட்டு ஆமினா பீவியின் கேட்டைத் தட்டினாள்.

ஆமினா பீவி ஒன்றும் கேட்கவில்லை. கணுக்கால் வரை பாஜு அங்கியும் தலையில் துப்பட்டியுமாக அப்படியே டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? முன்பெல்லாம் பிரம்பை வாங்கியதும் அவளை ஷெல்டருக்குள் இழுத்துப்போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பார், சத்தம் வெளியே வராது. ஷெல்டர் வாசலில் ஒரு மேடு இருப்பதால் சக்கர நாற்காலி உள்ளே ஏறாது. அதனால் இப்போது கூடத்திலேயே நடக்கிறது. மாடி முழுக்கக் கேட்கிறது.

டாக்ஸியில் பாதி தூரம் போனபிறகு ஆமினா பீவி ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்த ஆளு ஒக்காந்த எடத்த வுட்டு நவுர முடியாது. நீ என்னாத்துக்குமா கிட்ட போற?"

சுதா கண்ணைப் பொத்திய கையை மாற்றிக்கொண்டாள்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அவள் தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியிருந்த நீளக் கோட்டைப் பார்த்தார். பாத்ரூம் தரை இப்படிக் கோடு போடாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? சமூக சேவகியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். கண்ணில் தையல் போட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி ஒட்டி அனுப்பும்போது, "இந்தக் கண்ணில் இன்னொரு அடி பட்டால் பார்வை போய்விடும். அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

சமூக சேவகி ஏன் வேண்டாம்? மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுதா இந்த ஊரில் இருப்பது விசிட் பாஸில். அதற்குக் கையெழுத்துப் போடுவது புருஷன். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்த கதிரேசனுக்கு ஒரு பிடித்தமான நகைச்சுவை உண்டு. "பாஸ கேன்சல் பண்ணிட்டு நானே ஏத்தி விடுவேன். சீட்டுல இல்ல, கார்கோல." விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். சுதாவும் சிரிப்பாள், பாயசக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு.

கண்ணில் மூடியோடு வீடு திரும்பிய தம்பி மனைவியைப் பார்க்கக் கதிரேசனின் அண்ணன் நடேசன் வந்தார். கோயில் காரியம், சமூகக் காரியம் என்றால் முன்வரிசையில் நிற்பவர். மாலைக்குக் குனிந்து குனிந்தே கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். யார் வீட்டில் சண்டை என்றாலும் பேசித் தீர்க்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். பேசித் தீர்ப்பது என்றால் பெண்ணைத் திருப்பி அனுப்புவது.

"பாத்து இருந்துக்கக் கூடாதாம்மா?" என்றார்.

"இன்னொரு அடி பட்டா கண்ணு போயிடுமாம் மாமா."

"நோயாளிமா அவன். வேலை போச்சு, நடை போச்சு. ஆம்பளன்னு சொல்லிக்க வேற என்னாதான் இருக்கு அவனுக்கு? நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்." தம்பியின் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு வகைல பாத்தா நல்லதுதான் லா. கை நல்லா வேலை செய்யுதுல்ல? பிசியோகாரன் காசு வாங்கிட்டுச் செய்ய வைக்கிறத இவன் சும்மா செய்றான்."

கதிரேசன் சிரித்தார். கன்னத்தில் எச்சில் வழிந்தது. சுதா அதைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

இந்த வீட்டில் ஒரு மகனும் இருக்கிறான். ஸ்ரீராம். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டு இப்போதுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். முதல் பாடமே 'அரசியல் அறிவியல் - ஓர் அறிமுகம்'. அதிகாரம் என்றால் என்ன, ஆள்பவன் ஏன் ஆள்கிறான், ஆளப்படுகிறவன் ஏன் அடங்கிப்போகிறான் என்பதையெல்லாம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து விவாதிக்கும் பாடம். அம்மாவின் கண்ணில் பிரம்பு பாய்ந்த சாயங்காலம் அவன் நூலகத்தில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அம்மாவின் கண்ணைப் பார்த்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவன்தான். ஆனால் அழுத கையோடு அவனுக்கு ஒரு யோசனையும் வந்தது. நாம் கண்ணால் கண்ட ஓர் அதிகாரத்தைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று விரிவுரையாளர் வைஷாலி சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் ராணுவத்தையும் தேர்தலையும் பற்றிப் பேசினார்கள். ஸ்ரீராம், "எனக்குத் தெரிந்த ஒரு வீடு," என்று ஆரம்பித்தான்.

ஆங்கிலத்தில் அழகாகப் பேசினான். எழுந்து நிற்க முடியாத ஒரு ராஜா. அவருக்குப் படையில்லை, போலீஸ் இல்லை. பிரம்பு அடுத்த அறையில் இருக்கிறது. அதை எடுத்துவரச் சொல்கிறார், அடி வாங்கப்போகிறவளே எடுத்துவந்து கொடுக்கிறாள். அப்படியானால் அதிகாரம் எங்கே இருக்கிறது? அவர் கையிலா, பிரம்பிலா? இரண்டிலும் இல்லை, எடுத்துக் கொடுக்கிறவளின் கையில் இருக்கிறது. அவள் கொடுக்காமல் இருந்துவிட்டால் அன்றைக்கே ஆட்சி கவிழ்ந்துவிடும்!

வகுப்பு கைதட்டியது. வைஷாலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவனுக்குத்தான்.

ஒன்றை மட்டும் அவன் சொல்லாமல் விட்டுவிட்டான். பிரம்பு அந்த வீட்டுக்கு வந்ததே அவனுக்காகத்தான். அவன் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது, புத்தகப் பையும் காலுக்குச் சப்பாத்தும் வாங்கிய கையோடு தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் அதையும் வாங்கினார் அப்பா. இந்த ஊரில் அப்படி வாங்காத வீடு குறைவு. பல வீடுகளில் அது ஃப்ரிட்ஜுக்கு மேலே தூசி படிந்து கிடக்கும். இங்கே அப்படிக் கிடக்க விடவில்லை. அம்மாவை அடிக்கும் நாட்களில் அவள் எழுந்திருக்கத் தாமதித்தால், அப்பா திரும்பி, "ஸ்ரீ, நீ போய் எடுத்துட்டு வா," என்பார். அவன் ஓடுவான். நடந்தால் முதல் அடி அவனுக்கு. கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, கூடவே உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். ஏழு வயதில், எட்டு வயதில், ஒன்பது வயதில் ஓடியிருக்கிறான். இதைச் சொல்லியிருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சமையலறையில் பிடித்தான். அவள் ஒற்றைக் கண்ணோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஒன்னு சொல்றேன், கேளுங்க. அவர் கிட்ட பவரே இல்லம்மா. நீங்க எடுத்துக் குடுக்கிறதுனாலதான் அடிக்கிறாரு. நீங்க ஸ்டாப் பண்ணிட்டா அவ்வளவுதான், ஃபினிஷ்ட். கிளாஸ்ல எல்லாருமே அக்ரீ பண்ணாங்க."

கத்தி நின்றது. "எந்த கிளாஸ்ல?"

அவனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. "பேரெல்லாம் சொல்லல மா. ஜஸ்ட் ஒரு வீடுன்னுதான்..."

"என் கண்ணப் பத்திச் சொன்னியா?"

"எக்ஸாம்பிளுக்கு..."

"எத்தன மார்க் போட்டாங்க என் கண்ணுக்கு?"

ஸ்ரீராம் நறுக்கிய வெங்காயத்தைப் பார்த்தான்.

"சொல்லுடா. அது மார்க்காச்சும் வாங்கிச்சா இல்லையா?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்தால் கூடத்துக்குக் கேட்டுவிடும். "குடுக்காதீங்கன்னு இப்ப வந்து சொல்ற. நான் தரையில கெடந்தப்போ, நீ உன் ரூம்ல காதுல பாட்டு மெஷின மாட்டிக்கிட்டு ஒக்காந்திருந்த. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு தடுக்க வெளிய வந்திருக்கியா?"

"நான் சின்னப் பையம்மா அப்போ."

"போன மாசமும் சின்னப் பையனா?"

சட்டென்று கத்தியை வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனாள். வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் சொன்னது அவள் மனசில் விழுந்துவிட்டது, கோபத்தோடு சேர்ந்தே விழுந்துவிட்டது. அன்றிரவு படுக்கையில் அவள் பிளாஸ்டிக் மூடியை விலக்கி, நல்ல கண்ணை மூடிக்கொண்டு, அடிபட்ட கண்ணால் மட்டும் கூரையைப் பார்த்தாள். மங்கலாக விளக்கு தெரிந்தது. தெரிகிறதே, அதுவே போதும் என்றிருந்தது. இதையும் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நடேசன் தேக்கா மார்க்கெட்டிலிருந்து பெரிய வவ்வால் மீன் வாங்கி வந்தார். தம்பிக்குத் தெம்பு வர வேண்டுமாம். சுதா குழம்பு வைத்து, பொரித்து, சாப்பாட்டு மேசையில் பரிமாறினாள். கதிரேசனின் நாற்காலியை மேசையோரம் தள்ளி, பிரேக்கைப் பூட்டி, கழுத்தில் துண்டைச் சுற்றினாள். அவருக்கு இந்தப் பக்கம் நடேசன், அந்தப் பக்கம் ஸ்ரீராம்.

ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவது வழக்கம். அன்றைக்குத் தையல் போட்ட கண் விண்விண்ணென்று தெறித்தது, தலை சுற்றியது. நிற்க முடியாமல் எதிர்ப்புற நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தது உட்கார்ந்தாகிவிட்டது, பசியும் எடுத்தது. ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டாள்.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எழுந்...திரி," என்றார் கதிரேசன்.

"தல சுத்துதுங்க."

"எழுந்திரி."

அவள் சோற்றைப் பிசைந்தாள்.

"ரோத்தான எடுத்துட்டு வா."

அவள் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மீன் முள் இருக்கிறதா என்று நாக்கால் துழாவினாள். விழுங்கினாள். அப்புறம் சொன்னாள், "வேணும்னா நீங்களே போய் எடுத்துக்குங்க."

இருபத்து மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது. நடேசனின் கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது.

"என்னாம்மா பேச்சு இது? எடுத்துக் குடுத்துட்டுப் போ. ரெண்டு அடி அடிச்சா அவன் மனசு ஆறிடும்."

"கண்ணு ஆறாது மாமா."

கதிரேசன் இடது கையால் இடது பிரேக்கை இழுத்து விடுவித்தார். சக்கரத்தைத் தள்ளினார். வலது பிரேக் பூட்டியிருந்ததால் நாற்காலி நின்ற இடத்திலேயே கோணலாகத் திரும்பி மேசைக் காலில் இடித்தது. குழம்பு அவர் மடியில் கொட்டியது. சூடு. அலறினார். மறுபடி தள்ளினார், மறுபடி இடித்தது. வலது பிரேக்குக்கு அவர் கை எட்டவில்லை. மூச்சு வாங்க, கண் சிவக்க, அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மீனைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டியை அடிக்கத் தன் கையால் பிரம்பு எடுத்துக் கொடுப்பது முன்வரிசையில் நிற்பவருக்கு அழகில்லை.

அப்புறம் கதிரேசன் மகன் பக்கம் திரும்பினார். குரல் குழறவில்லை. அந்தப் பழைய குரலே வந்தது.

"ஸ்ரீ. நீ போய் எடுத்துட்டு வா."

சுதா மகனைப் பார்த்துப் புன்னகைக்கக்கூடச் செய்தாள். இவன்தானே சொன்னான், கொடுக்காவிட்டால் ஆட்சி கவிழ்ந்துவிடும் என்று!

ஸ்ரீராம் எழுந்தான். தான் எழுந்ததே அவனுக்குத் தெரியாது. கை கழுவக்கூட இல்லை. சமையலறைப் பக்கம் நடந்தான், இல்லை, ஓடினான். இருபத்திரண்டு வயது ஆள், ராணுவத்தில் துப்பாக்கி பிடித்தவன், வெறுங்காலோடு தடதடவென்று ஓடினான். இரும்புக் கதவு கிறீச்சிட்டது. திரும்பி வந்தபோது பிரம்பு அவன் கையில் இருந்தது. இரண்டு கையாலும் நீட்டினான்.

"டேய்!" என்றாள் சுதா. அவ்வளவுதான் வந்தது அவளுக்கு.

கதிரேசன் வாங்கி வீசினார். பிரம்பு மேசைக்கு மேலே விசிறிக்கொண்டு அவள் முகத்துக்கு வந்தது. கண்! சுதா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே நாற்காலியைக் காலால் உந்திப் பின்னால் தள்ளினாள். பிரம்பு அவள் மூக்குக்கு முன்னால் காற்றைக் கிழித்து, மேசை விளிம்பில் விழுந்தது. ரசக் கிண்ணம் உருண்டது. மறுபடி வீசினார். எட்டவில்லை. உடம்பை முன்னால் வளைத்து வீசினார், அப்போதும் எட்டவில்லை. சுவரில் சாய்ந்த நாற்காலியில் அவள் தட்டை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள், அடி அவள் மேல் படவில்லை. இவ்வளவுதானா? ஆமினாக்கா டாக்ஸியில் கேட்டது இதைத்தானா? இத்தனை வருஷமும் இவ்வளவு கிட்டே போய் நின்றோமே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

எட்டாத கோபம் எட்டுகிறவன் மேல் திரும்பியது. அடுத்த அடி ஸ்ரீராமின் காது மேல் விழுந்தது. அதற்கடுத்தது கன்னத்தில். தோல் பிளந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. நடேசன் தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். சமூகக் காரியம் பார்க்கிறவருக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

"பின்னால வாடா ஸ்ரீ!" சுதா கத்தினாள். "அவருக்கு எட்டாதுடா! ஒரு எட்டு பின்னால வா!"

அவன் நகரவில்லை. பிரம்பு மறுபடி இறங்கியது. உதடு பிளந்தது. பல்லில் ரத்தம்.

அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து, சக்கர நாற்காலியின் பின்பக்கமாகச் சுற்றி வந்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாடா, ஒரே எட்டு, வாடா என் சாமி."

சட்டைதான் கிழிந்து கையோடு வந்தது. அதிகாரத்தைப் பற்றிப் பேசி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளை, அடுத்த அடிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான்.